திருகுவதற்கு முன் அளந்து பாருங்கள்

"சார், இதைக் கடையில காட்டினேன். எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்றாங்க. ஆயிரத்து இருநூறு வெள்ளி ஆகுமாம்."

படிவம் 4 மாணவன் ஒருவன் ஒரு நாள் மாலை அறிவியல் கூடத்துக்கு ஒரு பழைய மின்கித்தாரைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். அவனுடைய தாத்தா இளவயதில் வாசித்தது. 1960-களில் ஜப்பானிலிருந்து வந்த கருவி. தலைப்பகுதியில் இருந்த பெயர்ப்பட்டை எப்போதோ உதிர்ந்துவிட்டது. உறையைத் திறந்தபோது பழைய மரப்பெட்டியின் வாசனை வந்தது.

அந்தக் காலத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தார்கள். அதன் பிறகு இந்த வட்டாரத்தில் மின்கித்தார் மோகம் பரவியது. 'பாப் யே யே' பாடல்கள் வானொலியில் ஒலித்தன. 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்', அதாவது துள்ளல் கித்தார்க் குழு என்பதைச் சுருக்கிக் 'குகிரான்' என்று இளைஞர் குழுக்களுக்குப் பெயர் வந்தது. அப்போது வாங்கிய கித்தார்கள் இன்று பல வீடுகளில் அலமாரியின் மேல் கிடக்கின்றன.

மாணவன் சொன்ன குறைகள் நான்கு. ஒன்று, சில இடங்களில் அழுத்தினால் தந்தி 'ர்ர்ர்' என்று அதிர்கிறது. இரண்டு, கழுத்தின் மேல்பாதியில் சுருதி சேரவில்லை. மூன்று, ஒலிக்குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது. நான்கு, ஒலி மெலிந்திருக்கிறது. கூடவே ஓர் இரைச்சலும் வருகிறது. கடைக்காரர் சொன்ன மருந்தும் நான்குதான். புதிய பிக்கப், புதிய ஒயர், புதிய மெட்டுகள், புதிய சாயம்.

அவற்றில் எதையும் வாங்காமலேயே அந்தக் கித்தார் இன்று நன்றாக ஒலிக்கிறது. அது எப்படி என்று சொல்வதோடு, அதிலிருந்து நான் உறுதியாக நம்பும் ஒரு கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். பழைய பொருளைப் பராமரிப்பது அறிவியல் பயிற்சிதான். நம் பள்ளிகள் அதற்கு உரிய இடத்தைக் கொடுக்கவில்லை.

நான் பாழாக்கிய கித்தார்

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 19 வயது இருக்கும்போது என் மாமாவின் கித்தாரை எடுத்து வாசிப்பேன். அதிலும் இதே 'ர்ர்ர்' சத்தம் வந்தது. கழுத்துக்குள் ஓர் எஃகுத் தண்டு இருக்கிறது, அதைத் திருகிச் சரி செய்யலாம் என்று ஒரு நண்பன் சொன்னான். ஆலன் சாவியை எடுத்தேன். சத்தம் வந்தால் எதுவோ தளர்ந்திருக்கிறது, தளர்ந்ததை இறுக்க வேண்டும் என்பதுதான் என் அறிவு. கால் சுற்று இறுக்கினேன். சத்தம் கூடியது. இன்னும் இறுக்கினேன். பிறகு பலத்தைக் கூட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு சாவி எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது.

உள்ளே திருகின் மரை போய்விட்டது. கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்பட்ட கருவி அது. சரி செய்யும் செலவு கருவியின் விலையைவிட அதிகம் என்றார்கள். மாமா திட்டவில்லை. "சரி, விடுடா" என்றார். அதன் பிறகு அவர் அதை வாசித்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பலம் போதாமலா அது கெட்டது? இல்லை, நான் எதையும் அளக்கவில்லை. அளந்திருந்தால் நான் திருகியது நேர் எதிர்த் திசை என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தந்திக்கும் தண்டுக்கும் நடக்கும் இழுபறி

கித்தாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பரவலாகப் பயன்படுத்தும் மெல்லிய தந்திகளைக் கட்டினால், ஏறத்தாழ 45 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசை. படிவம் 1 மாணவர் ஒருவர் இரவும் பகலும் அந்தக் கழுத்தில் தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். மரம் வளையாமல் என்ன செய்யும்?

அதற்காகத்தான் கழுத்துக்குள் எஃகுத் தண்டு வைக்கிறார்கள். 'டிரஸ் ராட்' என்பது அதன் பெயர். அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த தாடியஸ் மெக்ஹியூ இதற்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். தந்திகள் கழுத்தை முன்பக்கம் வளைக்கின்றன. தண்டை இறுக்கினால் அது கழுத்தைப் பின்பக்கம் வளைக்கிறது. இரண்டும் சமநிலைக்கு வரும் இடத்தில் கழுத்து நிற்கிறது.

கழுத்து அளவுகோல்போல முற்றிலும் நேராக இருக்கக் கூடாது. அதிரும் தந்தி நடுப்பகுதியில்தான் அதிகம் அசையும். அந்த அசைவுக்கு இடம் கொடுக்கக் கழுத்தில் மிக மெல்லிய முன்வளைவு வேண்டும். பெரும்பாலான மின்கித்தார்களுக்குச் சுமார் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை போதும். ஏறத்தாழ மூன்று தாள்களை அடுக்கிய கனம். கழுத்து அதைவிட நேராகிவிட்டால் அதிரும் தந்தி மெட்டுகளில் மோதும். அதுதான் 'ர்ர்ர்'. நான் 19 வயதில் கேட்ட சத்தமும் அதுவே. தண்டைத் தளர்த்த வேண்டிய நான் இறுக்கிக்கொண்டே போயிருக்கிறேன்.

ஃபிரெட் என்பதை நான் மெட்டு என்று எழுதுகிறேன். வீணையில் நமக்கு அந்தச் சொல் இருக்கிறது. பிரிட்ஜ் என்பதற்கும் வீணையில் 'குதிரை' என்ற சொல் உண்டு. இந்தக் கட்டுரைக்கு இரண்டும் போதும்.

முதல் வேலை காத்திருப்பது

மாணவனின் கித்தாரில் எதையும் தொடும் முன் ஒரு குறிப்பேட்டை எடுத்தோம். நான்கு கட்டம் போட்டோம். தேதி, அளந்தது, மாற்றியது, விளைவு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என்று முடிவு செய்தோம். பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைக்க வேண்டும் என்று படிவம் 1-இலேயே படித்திருக்கிறீர்கள். தேர்வுத்தாளில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி. இங்கே அதை மறந்தால் கருவியே போய்விடும்.

பழைய தந்திகள் துருப்பிடித்திருந்தன. திருகு நுண்ணளவியால் அளந்தபோது ஒரே தந்தியின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறியது. தந்தியின் அதிர்வெண்ணை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, ஒரு மீட்டருக்கான நிறை. நிறை சீராக இல்லாத தந்தியை வைத்துக்கொண்டு சுருதி சேர்க்க முடியாது. அதனால் புதிய தந்திகளைக் கட்டினோம். மொத்தத்தில் நாங்கள் வாங்கியது இந்தத் தந்திகளும், பின்னால் சொல்லப்போகும் ஒரு தெளிப்பானும்தான்.

அடுத்து வளைவை அளந்தோம். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால், இழுபட்ட தந்தியே நேர்கோடாகிவிடும். நடுவில் 7-ஆம் மெட்டின் தலைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளிதான் வளைவு. அதை அளக்க மோட்டார் சைக்கிள் பட்டறையில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும். எங்களிடம் இருந்த மிக மெல்லிய தகடு 0.05 மில்லிமீட்டர். அதுகூட நுழையவில்லை.

ஏன்? பல ஆண்டுகளாகத் தந்திகள் தளர்ந்து கிடந்தன. உள்ளே தண்டு மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. எதிர்த்து இழுக்க யாருமில்லாத கயிறு இழுக்கும் போட்டிபோல, கழுத்து பின்பக்கம் போய்விட்டது.

மாணவன் ஆலன் சாவியைக் கையில் எடுத்தான். நான் வேண்டாம் என்றேன். சரியான சுருதிக்குத் தந்திகளை ஏற்றி, கித்தாரை ஒரு நாள் அப்படியே விட்டோம். மறுநாள் அளந்தபோது இடைவெளி 0.1 மில்லிமீட்டர். எதையும் திருகாமலே பாதி தூரம் வந்துவிட்டது. அதன் பிறகு தண்டை எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்தினோம். மீண்டும் ஒரு நாள் காத்திருந்தோம். 0.2 மில்லிமீட்டர். 'ர்ர்ர்' நின்றுவிட்டது.

மரம் உடனே பதில் சொல்லாது. விசையை மாற்றினால் அது மெல்ல மெல்ல இடம் மாறும். ஆகவே ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. சாவி முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதில் வெட்கமில்லை.

5 சென்ட் பிழை

இரண்டாவது குறை, மேல்பாதியில் சுருதி சேராதது. தலைப்பக்கத்துப் பட்டையிலிருந்து 12-ஆம் மெட்டு வரை அளந்தோம். 315 மில்லிமீட்டர். அங்கே அழுத்தினால் தந்தியின் நீளம் பாதியாகிறது, அதிர்வெண் இரட்டிப்பாகிறது. அதாவது அதே சுரம், ஒரு ஸ்தாயி மேலே. ஆகவே தந்தியின் முழு நீளம் 630 மில்லிமீட்டர். அந்த ஸ்தாயியை 12 சம விகிதங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு மெட்டும் அதிர்வெண்ணை 2-இன் 12-ஆம் மூலமான 1.0595 மடங்கு உயர்த்தும். இதை வைத்து முதல் மெட்டு எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். 630-ஐ 17.817-ஆல் வகுத்தால் 35.4 மில்லிமீட்டர் வரும். அளந்து பார்த்தோம், சரியாக இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் மெட்டுப் பதித்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். மெட்டுகளை மாற்றச் சொன்ன ஆலோசனையை அங்கேயே ஓரம் வைத்தோம்.

பிறகு ஏன் சுருதி சேரவில்லை? கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைத் திறந்தோம். ஐந்தாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். 12-ஆம் மெட்டில் 220 வர வேண்டும். வந்தது 220.6.

காரணம் எளியது. மெட்டில் அழுத்தும்போது தந்தியைக் கீழே தள்ளுகிறோம். அப்போது அது சற்று நீட்டப்படுகிறது, இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. கணக்கில் வராத இந்த ஏற்றத்தை ஈடுகட்ட, தந்தியின் உண்மை நீளத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். குதிரையின் மேல் ஒவ்வொரு தந்தியும் அமரும் சிறு உலோகத் துண்டை ஆங்கிலத்தில் சேடில் என்பார்கள். குதிரை என்றால் சேணம்தானே! அந்தச் சேணத்தைப் பின்னுக்கு நகர்த்தினால் நீளம் கூடும்.

0.6 ஹெர்ட்ஸ் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். இசையில் ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட் என்று பிரிப்பார்கள். எங்கள் பிழை ஏறத்தாழ 5 சென்ட். தனியாகக் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் 220 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் இன்னொரு சுரத்தோடு சேர்த்து மீட்டினால், ஒலி 1.7 நொடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும். இயற்பியலில் இதற்கு விம்மல் என்று பெயர். காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

சேணத்தை 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பின்னுக்கு நகர்த்தினோம். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் மீண்டும் 110-க்குச் சுருதி சேர்த்து, மீண்டும் 12-ஆம் மெட்டில் அளந்தோம். நான்காவது முறை 220.0 வந்தது. மற்ற ஐந்து தந்திகளுக்கும் அதே வேலை. ஒரு மணி நேரம் ஆனது. எல்லாப் பழைய கித்தார்களிலும் ஆறு சேணங்களும் தனித்தனியே நகராது. இதில் நகர்ந்தது எங்கள் நல்வாய்ப்பு.

வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. சுருதி பிசகினால் மெட்டையே நகர்த்திப் பதிக்கலாம். கித்தாரில் மெட்டு மரத்தில் இறங்கிவிட்டது. நகரக்கூடியது சேணம் மட்டும்தான். ஒரு கருவியில் எது நகரும், எது நகராது என்று தெரிந்துகொள்வதே பராமரிப்பின் முதல் பாடம்.

பழுது எது, இயல்பு எது?

அடுத்து பிக்கப். அது ஒரு காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும்தான். தலைமுடி அளவே உள்ள கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது; சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1931-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் இதே தத்துவத்தில் ஒரு கித்தாரின் முன்மாதிரியை உருவாக்கினார். அடுத்த ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. தோற்றத்தைப் பார்த்து 'வாணலி' என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

பிக்கப் பலவீனமாகிவிட்டது என்று கடையில் சொன்னார்கள் அல்லவா? ஒலிக்குமிழை முழுவதும் திறந்து, ஒயர் செருகும் துளையில் மல்டிமீட்டரை வைத்தோம். 6.1 கிலோ ஓம். இந்த வகைச் சுருளுக்கு இது இயல்பான மின்தடை. உள்ளே கம்பி அறுந்திருந்தால் அளவி பல நூறு கிலோ ஓம் காட்டியிருக்கும். ஆகவே சுருள் உயிரோடு இருக்கிறது. அடுத்து பிக்கப்புக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். 6 மில்லிமீட்டர். மிக அதிகம். இரு பக்கமும் உள்ள திருகால் பிக்கப்பை உயர்த்தி 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். ஒலி நிமிர்ந்தது. இன்னும் நெருக்கலாமே என்று ஆசைப்படக் கூடாது. மிக நெருங்கினால் காந்தமே தந்தியைப் பிடித்து இழுத்து அதிர்வைக் கெடுக்கும், சுருதியும் தள்ளாடும்.

குமிழின் கரகரப்புக்குக் காரணம், உள்ளே இருக்கும் கரிமப் பாதையில் படிந்த தூசியும் ஆக்சைடும். மின்தொடர்புகளைத் துடைக்கும் தெளிப்பானை ஓரிரு துளி விட்டு, குமிழை முப்பது முறை முன்னும் பின்னும் திருப்பினோம். கரகரப்பு போனது.

எஞ்சியது இரைச்சல். இங்கேதான் மாணவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "சார், நான் திரும்பி உட்கார்ந்தா இரைச்சல் குறையுது. ஏன்?" நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறும் மாறுதிசை மின்னோட்டம். சுவரில் ஓடும் ஒயர்களைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் உண்டு. பிக்கப்பின் சுருள் அதையும் பிடித்துக்கொள்கிறது. சுருளைத் திருப்பினால் அதன் வழியே செல்லும் புலம் குறைகிறது. ஆகவே இந்த இரைச்சல் பழுது இல்லை. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் இதற்கு ஒரு தீர்வு கண்டார். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களையும், மேல்நோக்கிய எதிரெதிர் காந்த முனைகளையும் சேர்த்தார். இரு சுருள்களிலும் இரைச்சல் எதிரெதிராக வந்து அழிகிறது. தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. 'ஹம்பக்கர்' என்பது அதன் பெயர்.

எங்கள் கித்தாரில் அது இல்லை. இருக்கும் இரைச்சலோடு வாசிப்பது என்று தாத்தாவே முடிவு செய்தார். "அந்தக் காலத்துலயும் இப்படித்தான் இரைஞ்சிச்சு சார்" என்றார். பழுது எது, இயல்பு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவரிடம் எதையும் விற்றுவிடலாம்.

தொடக் கூடாத பெட்டி

ஓர் எச்சரிக்கை. கித்தாருக்குள் பிறக்கும் மின்னழுத்தம் வோல்ட்டின் சிறு பங்கு, அதனால் ஆபத்தில்லை. ஆனால் தாத்தாவிடம் கித்தாரோடு ஒரு பழைய வால்வு ஒலிபெருக்கியும் இருந்தது. அதன் மின்கம்பியில் இரண்டே இழைகள். நிலத்தொடுப்பு இல்லை. கித்தாரின் தந்திகள் ஒயர் வழியே ஒலிபெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். சட்டத்தில் மின்சாரம் கசிந்தால் அது நேராக வாசிப்பவரின் விரலுக்கு வரும். தந்தியைத் தொடும்போது சுருக்கென்று உணர்ந்தால் உடனே நிறுத்துங்கள். வால்வு ஒலிபெருக்கியின் பெட்டியைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கிகள் பல நூறு வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். நானும் அதைத் திறக்கவில்லை. அதில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் அனுப்பினோம். பள்ளியில் மூன்று முள் செருகியுள்ள புதிய ஒலிபெருக்கியைப் பயன்படுத்தினோம்.

பழைய கித்தாரின் ஒயர் இணைப்புகளில் ஈயம் கலந்த பற்று இருக்கும். தொட்டால் கையைக் கழுவுங்கள். பெரியவர் இல்லாமல் சூட்டுக்கோலை எடுக்காதீர்கள்.

மாற்றினால் என்ன தவறு?

என் கருத்தை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நல்ல இசைக்கலைஞர்கள். "கித்தார் வாசிக்கத்தானே, அருங்காட்சியகத்தில் வைக்கவா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் 1970-இல் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தையும் பிக்கப்புகளையும் பல முறை மாற்றினார். 2019-இல் அது ஏலத்தில் 39 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை போனது. ஆகவே மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை.

என் கேள்வி வேறு. மாற்றுபவருக்கு, தான் எதை, ஏன் மாற்றுகிறோம் என்று தெரியுமா? மாற்றியதைத் திரும்பப் பெற முடியுமா? தந்தி, சேணம், பிக்கப்பின் உயரம் ஆகியவற்றைச் சரி செய்தால் நாளைக்கே பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பழைய சாயத்தைத் திரும்பப் பெற முடியாது. பிடுங்கிய மெட்டையும் துளைத்த மரத்தையும் திரும்பப் பெற முடியாது. பழங்கருவிகளைச் சேகரிப்பவர்கள் மறுசாயம் பூசிய கித்தாருக்குக் கணிசமாகக் குறைந்த விலை தருவதற்கும் இதுவே காரணம். ஆகவே திரும்பப் பெறக்கூடிய வேலைகளை முதலில் செய்யுங்கள். அவை போதவில்லை என்று அளவு காட்டினால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். கழற்றிய ஒவ்வொரு திருகையும் பெயர் எழுதிய பையில் போட்டு வையுங்கள்.

"சில நூறு வெள்ளிக்குப் புதிய கித்தாரே கிடைக்குமே" என்பது இரண்டாவது மறுப்பு. கிடைக்கும். ஆனால் அதுவும் இதே மரம், இதே எஃகு. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. கித்தார் தயாரிப்பவர்கள் 45 முதல் 55 விழுக்காடு வரை நல்லது என்கிறார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். குளிரூட்டி அறையில் சுருங்கும். வியர்வை உப்பு தந்தியைத் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் தந்தியை ஒரு நிமிடம் துடைக்காதவரின் புதிய கித்தார், சில மாதங்களில் பழைய கித்தார் செய்த அதே புகாரைச் செய்யும். அப்போது இன்னொன்று வாங்குவதா?

பரிசு யாருக்கு?

பள்ளிகளில் புத்தாக்கப் போட்டி நடத்துகிறோம். புதிதாக ஒன்றைச் செய்து காட்டியவருக்குக் கோப்பை கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் பழுதான ஒன்றை அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, குறைந்த செலவில் சரி செய்த மாணவருக்குப் பரிசளித்ததை நான் பார்த்ததில்லை. இரண்டு வேலைக்கும் ஒரே மூளைதான் வேண்டும். சொல்லப்போனால் பழுதுபார்ப்பவருக்குக் கூடுதல் நேர்மை வேண்டும். புதிய கருவியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சுருதி சேராத தந்தியிடம் வாதாட முடியாது.

படிவம் 4-இல் அலைகளைப் படிக்கிறீர்கள். படிவம் 5-இல் மின்காந்தவியல் வருகிறது. இரண்டையும் மனப்பாடம் செய்து எஸ்.பி.எம். எழுதிவிடலாம். ஆனால் 220.6 என்ற எண்ணைப் பார்த்து, சேணத்தை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று ஒரு நிமிடம் யோசித்த மாணவன், அந்தப் பாடத்தை மறக்கமாட்டான். ஒவ்வொரு பள்ளி அறிவியல் கழகத்திலும் ஒரு பழுதுபார்ப்பு மேசை இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒரு மல்டிமீட்டர், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு திருகு நுண்ணளவி, ஒரு குறிப்பேடு. இவற்றில் பாதி ஏற்கனவே அறிவியல் கூடத்தில் பூட்டிக் கிடக்கின்றன. கித்தார்தான் வேண்டும் என்பதில்லை. பாட்டியின் தையல் இயந்திரம், அப்பாவின் மிதிவண்டி, மேசை மின்விசிறி, எதுவானாலும் சரி. மின்சாரத்தில் ஓடும் பொருளென்றால் செருகியைக் கழற்றி வைத்து, ஆசிரியர் முன்னிலையில் மட்டும் திறக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு பழைய கித்தார் இருந்தால் இந்த வாரம் அதைக் கீழே இறக்குங்கள். திருகாணியைத் தேடாதீர்கள். முதலில் அளவுகோலையும் பேனாவையும் எடுங்கள். மூடிய காரில் வெயிலில் வைக்காதீர்கள். பழைய பசை இளகிவிடும். யாராவது "எல்லாத்தையும் மாத்தணும்" என்று சொன்னால், எந்த அளவைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அந்த மாணவனின் குறிப்பேடு என் மேசையில் சில நாள் இருந்தது. மொத்தம் மூன்று பக்கம். கடைசி வரி இப்படி இருந்தது: "மூன்றாம் மெட்டு தேய்ந்திருக்கிறது. இப்போது சத்தம் வரவில்லை. தொட வேண்டாம். மூன்று மாதம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்."

19 வயதில் எனக்கு அந்த வரி எழுதத் தெரிந்திருந்தால், மாமா இன்னும் வாசித்துக்கொண்டிருப்பார்.